மாதத்தில் பதினெட்டு நாள் ஓடும் நெட்டு

பதினெட்டாம் தேதி நெருங்கினால் மைதிலி காலண்டர் பக்கமே திரும்ப மாட்டாள். அட்டமி நவமி பார்க்கிற பெண் அல்ல அவள். ராகு காலத்தில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு எலச்சிபாளையம் போய்த் திரும்புகிறவள்தான். ஆனால் ஆலமரத்துக்காட்டு வீட்டுக்குள் இன்டர்நெட்டு ஒயர் வந்த நாளிலிருந்து அந்த ஒரு தேதியோடு அவளுக்குப் பகை உண்டாகிவிட்டது. ஒன்றாம் தேதி பிறந்தால் நெட்டு குதிரையாகப் பாயும். பதினெட்டுக்கோ பத்தொன்பதுக்கோ கால் ஒடிந்த மாதிரி நொண்டும். பிறகு அடுத்த ஒன்றாம் தேதி வரைக்கும் நொண்டிக்கொண்டேதான் கிடக்கும்.

ஆலமரத்துக்காடு என்பது ஊர் அல்ல. ஒரே வாசலைப் பார்த்த இரண்டு வீடு, மாடு கட்ட ஒரு கட்டுத்தரை, சுற்றிலும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காடு. பெரியவர் தங்கசாமிக்கு இரண்டு பையன்கள். மூத்தவர் ஜெகதீஸ்வரன் பள்ளிபாளையத்தில் விசைத்தறிப் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறார், காலையில் போனால் பொழுதோடதான் வருவார். அவர் பெண்சாதி ஜெயப்பிரியா. இளையவர் குணசீலன், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்காரர். வருசத்தில் பத்து மாசம் சத்தீஸ்கரில் போர் போட்டுக்கொண்டு அலைவார். அவர் பெண்சாதிதான் மைதிலி. ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒரே கூட்டத்துப் பெண்கள். ஜெயப்பிரியாவின் தாத்தாவும் மைதிலியின் தாத்தாவும் அண்ணன் தம்பி மக்கள். மைதிலியின் ஜாதகத்தை வாங்கி வந்து கொழுந்தனாருக்குப் பேசி முடித்ததே ஜெயப்பிரியாதான். அதனால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உப்பும் புளியும் கேட்டு வாங்கியதே இல்லை. வேண்டியதை அவரவர் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம்.

மைதிலி கல்யாணத்துக்கு முன்பே படித்தவள். கனிஷ்கா பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் சேலத்தில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அமெரிக்கா ஆஸ்பத்திரிகளின் சீட்டுகளைப் படித்து, எந்த நோய்க்கு எந்த நம்பர் என்று போட்டுத் தருகிற வேலை. அங்கே ஒருவன் ஏணியிலிருந்து விழுந்தால் அதற்கு ஒரு நம்பர். கோழி கொத்தினால் அதற்கும் தனியாக ஒரு நம்பர் உண்டு. அதைக் கேட்டுத் தங்கசாமி ஒரு நாள் முழுக்கச் சிரித்தார். "நாமக்கல்லுக்காரன் எவனோதான் அந்த நம்பரக் கேட்டு வாங்கியிருப்பான் சாமி," என்றார்.

இரண்டு பஸ் மாறி சேலம் போய் வந்துகொண்டிருந்தாள். போன ஆனி மாதத்தில் ஒரு நாள், பத்து மணி வெயிலில், தங்கசாமி கட்டுத்தரைப் பக்கம் வழுக்கி விழுந்தார். வீட்டில் ஒருவரும் இல்லை. கறிவேப்பிலை ஒடிக்க வந்த ஜெயப்பிரியா பார்க்கும்போது மனிதர் ஒரு மணி நேரமாகச் சாணியில் கிடந்திருக்கிறார். இடுப்புக்குப் பிளேட் வைத்தார்கள். இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். பக்கத்தில் ஆள் இல்லாமல் விட முடியாது.

மைதிலி கம்பெனியில் போய் நின்றாள். வீட்டிலிருந்தே செய்கிறேன் என்று கேட்டாள். சரி என்றார்கள், ஆனால் ஒரு நிபந்தனை. வேலை நேரத்தில் நெட்டு நின்று அவள் வெளியே தள்ளப்பட்டால் அந்த மாதத்துக்கு ஒரு குறி. மூன்று குறி சேர்ந்தால் திரும்ப ஆபீசுக்கே வந்துவிட வேண்டும். வர முடியாது என்றால் வேலை இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு நெட்டு இழுக்க வந்தவன் ராசப்பன். இந்தச் சுற்று வட்டாரத்துக்குக் கேபிளும் அவன்தான், நெட்டும் அவன்தான். இரண்டு தினுசு இருக்கிறது என்றான். ஒன்று எவ்வளவு வேண்டுமானாலும் ஓடும். இன்னொன்று விலை குறைச்சல், மாதத்துக்கு இருநூறு ஜிபி. மைதிலி வாயைத் திறப்பதற்குள் குணசீலன் முந்திக்கொண்டார். அப்போது அவர் ஊரில் இருந்த நேரம்.

"ஒரு ஊட்டுக்கு எரநூறு பத்தாதா? நெட்டுலயா குளிக்கப் போறம்?"

"அண்ணா, அளவு தாண்டுச்சுன்னா ஸ்பீடு சுத்தமா எறங்கிருமுங்க," என்றான் ராசப்பன்.

"தாண்டாதுடா. நீ ஒயர இழு."

ஒரு வருசத்துக்கு மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இனாம் என்று ராசப்பன் சொன்னது அவர் காதில் தேனாக விழுந்தது. அங்கேயே கட்டிவிட்டார். ஒயரோடு ஒயராக, வாசலைப் பார்த்து ஒரு கேமராவும் மாட்டச் சொன்னார். அப்பன் இன்னொரு தடவை விழுந்து கிடந்தால் சத்தீஸ்கரில் இருந்தாலும் தெரிய வேண்டும் என்பது அவர் கவலை. அதில் மைதிலிக்கு மறுப்பு ஒன்றும் இல்லை.

பாஸ்வேர்டு என்ன வைக்கிறது என்று ராசப்பன் கேட்டதும், வேறு யோசனையே இல்லாமல் ரிக் வண்டியின் நம்பரைச் சொன்னார். இந்தப் பக்கம் ரிக் வைத்திருக்கிற வீடுகளில் அப்படித்தான். பீரோப் பூட்டு, போன் பூட்டு, பேங்க் கார்டு எல்லாவற்றுக்கும் வண்டி நம்பர்தான். பங்காளி வீட்டுக் கைக்குழந்தைக்கும் அது தெரியும். ஆகவே நெட்டு வந்த அன்றைக்கே எதிர் வீட்டுப் போன்களும் அதில் ஏறிக்கொண்டன. நம் போரிலிருந்து அவர்கள் தொட்டிக்குத் தண்ணீர் போகவில்லையா, அதைப் போலத்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

குணசீலன் வண்டி ஏறிப் போனார். முதல் மாதம் அக்டோபர் பதினெட்டு, காலை பதினொரு மணி. கம்ப்யூட்டரில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு அவளை வெளியே தள்ளிவிட்டது. சேலத்திலிருந்து தீபிகா கூப்பிட்டாள். அவள்தான் மைதிலியின் குழுவுக்குத் தலைவி, மைதிலியைவிட ஏழு வயசு இளையவள்.

"அக்கா, நீங்க லாக்-அவுட் ஆயிட்டீங்க. மதியம் வரைக்கும் பாத்தேன், வரல. ஒரு குறி வெச்சாச்சுக்கா. நான் வெக்கல, சிஸ்டமே அதுவா வெச்சுக்கிடுது."

மீதி நாட்களை எப்படியோ ஓட்டினாள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, ஊர் தூங்குகிற நேரத்தில் நொண்டி நெட்டிலேயே ஒவ்வொரு சீட்டாக ஏற்றினாள். ஒரு சீட்டு திறப்பதற்குள் ஒரு அடுப்புச் சோறு வெந்துவிடும்.

யார் இப்படித் தின்கிறார்கள் என்று அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். முதலில் மாட்டியவர் மாமனார். முன்கூடமான ஆசாரத்தில் டிவியைப் போட்டுவிட்டு அந்தியூர்ச் சந்தைக் குதிரைகளைப் பார்ப்பார், பார்த்துக்கொண்டே தூங்கிப் போவார், குதிரைகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

"மாமா, தூங்கறதா இருந்தா டிவிய நிறுத்தீட்டுத் தூங்குங்க."

"நான் எங்க சாமி தூங்கறன்? கண்ண மூடிட்டுக் கேக்கறன்."

"குதிர என்னுங்க மாமா பேசுது, கேக்கறதுக்கு?"

மறு நாளிலிருந்து டிவிக்கு மதியம் ஒரு மணி நேரம் என்று ஆயிற்று. இடுப்பொடிந்து உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் குதிரையைப் பிடுங்கினோமே என்று அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனால் மூன்று குறியில் ஒன்று போய்விட்டதே. அடுத்தது கனிஷ்கா. ஆண்டு விழாவுக்கு ஆடப் பழக வேண்டும் என்று ஒரே நாட்டியத்தை நாற்பது தடவை பார்த்த பெண்ணிடமிருந்து போனை வாங்கி அலமாரிக்கு மேலே வைத்தாள்.

இந்த அமளிக்கு நடுவில் குணசீலன் வேறு. நாளுக்கு நாலு தடவை கூப்பிடுவார், அதுவும் அவள் வேலையில் இருக்கிற நேரமாகப் பார்த்து.

"ஏம்புள்ள, கட்டுத்தரையில கன்னுக்குட்டி அவுத்துக்கிச்சு பாரு."

"நான் வேலையில இருக்கறனுங்க."

"ரெண்டு நிமிசம் புடிச்சுக் கட்டீட்டுப் போய் உக்காரு."

ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற மனிதர், பத்தடி தள்ளி இருக்கிற கன்றைப் பிடிக்கச் சொல்லுவார். காயப் போட்ட நெல்லில் கோழி ஏறுகிறது என்பார். மழை வருகிற மாதிரி இருக்கிறது, துணியை எடு என்பார். அப்பன் வாக்கரை விட்டுவிட்டு நடக்கிறான், அதட்டு என்பார். மைதிலி காதில் மாட்டியதைக் கழற்றி வைத்துவிட்டு ஓடுவாள், திரும்பி வந்து உட்காருவாள். எரிச்சல்தான் வந்ததே தவிர, கேமராவின் பேரில் அவளுக்குத் துளிச் சந்தேகமும் வரவில்லை. பார்ப்பது அவர், செலவாவது அவர் போனில் இருக்கிற டேட்டா. நம் நெட்டுக்கு அதில் என்ன என்றுதான் நினைத்தாள். படித்தவளே அப்படித்தான் நினைத்தாள்.

சந்தேகம் போய் விழுந்த இடம் எதிர் வீடு. ஜெயப்பிரியா இரண்டு வருசமாகச் சேலை வியாபாரம் பார்க்கிறாள். இளம்பிள்ளை போய் மூட்டையாக எடுத்து வந்து, வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு போன் முன்னால் நின்று ஒவ்வொரு சேலையாக விரித்துக் காட்டுவாள். நாற்பது ஐம்பது பெண்கள் அவரவர் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே வாங்குவார்கள். இரண்டு மணி நேரம் அது ஓடும். சேலை பிடித்த கையில் மைதிலியின் நெட்டு அல்லவா ஓடுகிறது.

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நவம்பர் மாதம் ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை, பதினொன்றேகாலுக்கு, ராசப்பனுக்குப் போன் போட்டு எப்படி என்று கேட்டுப் பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள். எதிர் வீட்டில் ஜெயப்பிரியா கத்திரிப்பூக் கலர் சேலையின் முந்தானையை விரித்துப் பிடித்தபடி நின்றது அப்படியே நின்றுபோனது. பார்த்துக்கொண்டிருந்த ஐம்பது பேரும் கலைந்து போனார்கள்.

ஜெயப்பிரியா வாசலைக் கடந்து வந்தாள்.

"நெட்டு நின்னு போச்சு மைதிலி, உங்களுக்கு வருதா?"

"எங்களுக்கு வருதுக்கா. பாஸ்வேர்ட மாத்தீட்டேன். மாசத்துல பாதி நாளு எனக்கு வேலைக்குப் பத்தறதில்ல."

"மாத்தறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்லொ. சேலையக் கையில புடிச்சுட்டு நிக்கறேன், ஊரே பாக்குது."

"சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு..."

"இப்ப சங்கடப்படலையா? நாந்தான் உன்ற நெட்டத் தின்னுட்டேன், அதான சொல்ல வர்ற? சொல்லு, தெகிரியமாச் சொல்லு."

மைதிலி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதுவே பதிலாகிவிட்டது. ஜெயப்பிரியா திரும்பிப் போனாள். அடுத்த திங்கட்கிழமை ராசப்பன் எதிர் வீட்டுக்குத் தனி ஒயர் இழுத்துக்கொண்டிருந்தான். அளவில்லாத நெட்டு. அன்றைக்கிருந்து ஜெயப்பிரியா கறிவேப்பிலைக்குக்கூட இந்தப் பக்கம் வருவதில்லை. மாமனாருக்கு மட்டும் காலையில் காப்பி கொண்டு வந்து வாசல் கட்டிலில் வைத்துச் சர்க்கரை போட்டுக் கொடுப்பாள், அவரிடம் பேசுவாள், மைதிலி இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பாமல் போவாள்.

இத்தனை செய்த பிறகாவது நெட்டு மாதக் கடைசி வரை தாங்குமா என்றால், நவம்பர் இருபதாம் தேதி மறுபடியும் நொண்டியது. இரண்டாவது குறி விழுந்தது. டிவி ஒரு மணி நேரம்தான், நாட்டியம் இல்லை, சேலை இல்லை, ஆனாலும் இருநூறும் காலி. இரண்டே இரண்டு நாள்தான் கூடக் கிடைத்தது. மைதிலிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. ராசப்பன் ஏதோ தில்லுமுல்லு பண்ணுகிறான் என்றும் நினைத்தாள். மாமனாரின் டிவிக்கு ஒயரையே பிடுங்கி வைத்தாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாசலில் பார்க்க என்ன இருக்கிறது, ஒரு கன்றுக்குட்டியும் நாலு கோழியும்தான்.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதியும் வெள்ளிக்கிழமையாக வந்து சேர்ந்தது. பத்தரை மணிக்கு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பத்து நாற்பதுக்கு வெளியே தள்ளியது. தீபிகா உடனே கூப்பிட்டாள்.

"மைதிலிக்கா, இன்னிக்கி மூணாவது. பன்னண்டு மணிக்குள்ள உள்ள வந்தீங்கன்னா கணக்குல விழாது, நான் பாத்துக்கறேன். தாண்டிருச்சுன்னா திங்கக்கெழம ஆபீசுக்கு வரச் சொல்லித் தானா மெயில் வந்துரும்."

"மாமாவ விட்டுட்டு எப்படி வாரது தீபிகா?"

"எனக்குத் தெரியுதுக்கா. பன்னண்டு மணி."

ராசப்பனுக்குப் போன் போட்டாள். அரை மணி நேரத்தில் புல்லட்டில் வந்து இறங்கினான். அவள் பிடித்த பிடியில் அவன் செருப்பைக் கழற்றவும் நேரமில்லை.

"டிவி இல்ல, போன் இல்ல, எதுத்த ஊடு இல்ல. நானும் கம்ப்யூட்டரும் மட்டும்தான் இருக்கறம். எரநூறு ஜிபிய நீதான் திங்கறயா ராசப்பா?"

"நான் ஏனுங்க்கா திங்கறேன்." அவன் போனை எடுத்து எதையோ திறந்து பார்த்தான். நெற்றியைச் சொறிந்தான். "அக்கா, இதுல ரெண்டு வகை இருக்குதுங்க. வெளிய இருந்து ஊட்டுக்குள்ள எறங்கறது ஒண்ணு. ஊட்டுல இருந்து வெளிய ஏறிப் போறது ஒண்ணு. ரெண்டும் சேத்துத்தான் எரநூறு. எல்லா ஊட்டுலயும் எறங்கறதுதான் மலையாட்ட இருக்கும். உங்க ஊட்டுல தலகீழா இருக்குது. ஏறிப் போறது தான் மலை."

"ஏறிப் போறதுன்னா?"

"இங்கிருந்து எதோ ஒண்ணு நாள் பூரா வெளிய போய்ட்டே இருக்குதுங்க. சேல யாவாரமுன்னாலும் சரீங்கலாம். பெரியக்காதான் தனி லைனுக்குப் போய்ட்டாங்களே." சொல்லிக்கொண்டே அவன் தலையைத் தூக்கினான். கூரை ஓரத்தில் கேமராவின் சின்ன நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "அக்கா, அதை அண்ணன் எவ்வளவு நேரம் பாப்பாருங்க?"

"அவரு பாத்தா அவரு டேட்டாதான போகும்?"

"அவரு பாக்கறதுக்கு அவருது போகுமுங்க. அவரு பாக்கறதுக்கு இங்கிருந்து படம் ஏறிப் போகணுமல்லங்க, அதுக்கு உங்களது போகும்."

மைதிலி உடனே சத்தீஸ்கருக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தாள்.

"ஏனுங்க, அந்தக் கேமராவ ஒரு நாளைக்கு எத்தன நேரம் பாப்பீங்க?"

"நான் எங்க புள்ள பாக்கறேன், வேல சரியா இருக்குது. எப்பவாச்சும் அப்பன் நல்லா இருக்கறானான்னு ஒரு பார்வை."

அவர் சொல்லி முடிக்கவில்லை. பின்னாலிருந்து ரிக்கில் சோறாக்குகிற சின்னானின் குரல் கேட்டது. "அண்ணா, படம் நின்னு நின்னுதான் வருது, ராசப்பன் வந்திருக்கறான் பாருங்க. செருப்புக் காலோட வாசல்ல நிக்கறான்."

ராசப்பன் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டான்.

அதற்கு மேல் மறைக்க முடியாமல் குணசீலன் சொல்லிவிட்டார். கூட வருகிற லாரியில், சோறாக்குகிற இடத்துக்கு மேலே ஒரு டேப்லெட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்களாம். காலையில் வெளிச்சம் வந்ததும் போட்டால் பொழுது சாய்ந்துதான் நிறுத்துவார்களாம். ரிக் ஆட்கள் ஏழு பேரும் சாப்பிடும்போதும் டீ குடிக்கும்போதும் ஆலமரத்துக்காட்டு வாசலைப் பார்ப்பார்களாம். கன்றுக்குட்டிக்குப் பெயர்கூட வைத்திருக்கிறார்கள்.

"பசங்க மாசக்கணக்கா காட்டுல கெடக்கறானுங்க. ஒரு ஊட்டு வாசலப் பாத்தா மனசு ஆறுதுங்கறானுங்க. அதுல உனக்கென்ன நட்டம்?"

"எனக்கு வேலை போகுது," என்றாள் மைதிலி. "இன்னும் முப்பத்தஞ்சு நிமிசத்துல போகுது. உங்களுக்கு மலிவா ஒண்ணு கெடச்சதுன்னு வாங்கிப் போட்டீங்க. அதுக்காக உங்கப்பன் டிவியப் புடுங்கினேன், உங்க புள்ள போனப் புடுங்கினேன், உங்க அண்ணம் பொண்டாட்டியத் திருடியாக்கினேன். கடசில ஏழு பேரு சோறு திங்கறதுக்கு எங்க வாசலு சினிமா." போனை வைத்தாள். நாற்காலியைப் போட்டு ஏறிக் கேமராவின் ஒயரைப் பிடுங்கினாள்.

இறங்கி வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தால் வட்டம் பழையபடியே சுற்றிக்கொண்டிருந்தது.

"அது இனி ஒண்ணாந்தேதிக்குத்தானுங்க்கா," என்றான் ராசப்பன். "தீந்தது தீந்ததுதான்."

"மேல கொஞ்சம் போட்டு வாங்க முடியாதா?"

"இந்தத் தினுசுல அது இல்லீங்க. பெருசுக்கு மாத்தலாமுன்னா அண்ணன் வருசத்துக்குக் கட்டியிருக்கறாரு. கம்பெனிக்காரன் வருசம் முடியாம மாத்த உடமாட்டான். புதுசா வேற லைனு இழுத்தாலும் நாளைக்குத்தான்."

"போன் நெட்டு?"

"இந்தக் காட்டுல சிக்னலு ஒரு கோடு வந்தா பெருசு. உங்களுக்குத் தெரியாததா."

மைதிலி எதிர் வீட்டைப் பார்த்தாள். ராசப்பனும் பார்த்தான். பார்த்துவிட்டு, வேறு வீட்டில் வேலை இருக்கிறது என்று புல்லட்டில் ஏறிப் போய்விட்டான். மணி பதினொன்றரை. வெள்ளிக்கிழமை.

கம்ப்யூட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலைக் கடந்தாள். கட்டிலில் இருந்த தங்கசாமி, "போ சாமி, அடிச்சாலும் அவ உன்ற அக்காதான்," என்றார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

ஜெயப்பிரியா போனுக்கு முன்னால் நின்று மயில்கழுத்துக் கலர் சேலை ஒன்றை விரித்துக்கொண்டிருந்தாள். மைதிலியைக் கண்டதும் கை ஒரு கணம் நின்றது, வாய் நிற்கவில்லை. "பாருங்க, கரை ரெண்டு பக்கமும் ஒரே அளவு, சாயம் போகாது. போச்சுன்னா எங்கூட்டுக்கே வந்து கேளுங்க, நான் எங்கயும் ஓடி ஒளியற ஆளில்ல." கடைசி வார்த்தை போனுக்குச் சொன்னதா, வாசற்படியில் நிற்கிறவளுக்குச் சொன்னதா என்று தெரியவில்லை.

மைதிலி சுவரோரமாக நின்றாள். ஒரு சேலை போயிற்று. இன்னொரு சேலை போயிற்று. மணி பதினொன்று நாற்பது.

"அஞ்சே நிமிசம் இருங்க சாமி, தண்ணி குடிச்சுட்டு வாரேன்," என்று ஜெயப்பிரியா போனை மூடி வைத்தாள். திரும்பினாள். "என்ன?"

"பன்னண்டு மணிக்குள்ள நெட்டு வேணுங்க்கா. இல்லீன்னா வேல போயிரும்."

"உன்ற நெட்டு என்னாச்சு? யாரு தின்னது?"

"கேமரா தின்னுருக்குது."

"கேமரா தானா திங்குமா? யாரு தின்னதுன்னு பேரச் சொல்லு."

"என்ற ஊட்டுக்காரருதான்க்கா. அவரும் ரிக்குப் பசங்களும். காலையில இருந்து பொழுதோட வரைக்கும் நம்ம வாசலப் பாத்துட்டே இருந்திருக்கறாங்க."

ஜெயப்பிரியாவின் முகம் மாறியது. "வாசலயா? நான் வெடியால தலையச் சிலுப்பீட்டு வாசக் கூட்டறதெல்லாம் அந்த ஏழு பேரும் பாத்தாங்களா?"

"பாத்திருப்பாங்க."

"நாசமாப் போக," என்றாள் ஜெயப்பிரியா. பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "எங்கிட்டக் கேட்டிருந்தா ஒரே நாளுல கண்டுபுடிச்சிருப்பன். போன வாரம் நான் மாமாவுக்குக் காப்பியில சக்கர அதிகமாப் போட்டுட்டேன்னு சத்தீஸ்கருல இருந்து கொழுந்தன் போன் பண்ணிச் சொல்றாரு. ரெண்டு கரண்டி போட்டீங்கண்ணி, டாக்டரு ஒண்ணுதான சொன்னாருன்னு. எப்படித் தெரியும்னு நானும் ரோசன பண்ணேன்."

"என்ற தப்புத்தானுங்க்கா. கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும். ஐம்பது பேரு முன்னாடி சேலையப் புடிச்சுட்டுப் பேயாட்ட நின்னேன். அது எனக்கு மறக்காது மைதிலி, நீ இன்னிக்கி வந்ததுனால மறந்துருமுன்னு நெனைக்காத." சொல்லிக்கொண்டே போனைத் திறந்து பாஸ்வேர்டைக் காட்டினாள். "அடி. சீக்கிரம் அடி. அந்தச் சேல மூட்டைய நகத்தீட்டு அங்க உக்காரு. போன் படத்துல உன்ற மூஞ்சி உழுகாமப் பாத்துக்க."

பதினொன்று ஐம்பத்து மூன்றுக்கு மைதிலி உள்ளே நுழைந்தாள். தீபிகாவிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது, அவ்வளவுதான். அன்று இரவு ஏழு வரைக்கும் இளம்பிள்ளைச் சேலை மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டுகளை முடித்தாள். இரைச்சல் ஆகும் என்று ஜெயப்பிரியா மாவு அரைக்க வேண்டியதை நிறுத்தி வைத்தாள், ஆனால் நிறுத்தி வைத்திருக்கிறேன் என்பதை நாலு தடவை சொன்னாள். மூன்றாவது குறி விழவில்லை.

மறுநாள் மைதிலி தன் பேரில், தன் சம்பளத்தில், அளவில்லாத நெட்டு ஒன்று இழுத்துக்கொண்டாள். குணசீலன், ஒரு வீட்டுக்கு இரண்டு ஒயரா, ஊர் சிரிக்காதா என்று கேட்டார். சிரிக்கட்டும் என்றாள். கட்டிய வருசம் தீர்கிற வரைக்கும் பழைய நெட்டு சும்மா கிடக்க வேண்டாம் என்று அதைக் கேமராவுக்கே விட்டுவிட்டாள். அப்பன் விழுந்தால் தெரிய வேண்டும் என்பது நியாயம்தானே. ஆனால் ஒன்று சொல்லிவிட்டாள். பார்க்கிறதைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேலை நேரத்தில் எனக்குப் போன் போடக்கூடாது. மாமனார் கையில் பழைய போன் ஒன்றைக் கொடுத்து, மகனுக்கு அந்த நம்பரை அனுப்பினாள். டிவியின் ஒயரையும் புது நெட்டில் மாட்டிவிட்டாள். குதிரைகள் திரும்பி வந்தன.

ஜனவரி இருபத்தைந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் அவசர வேலை என்று மைதிலி உட்கார்ந்திருந்தாள். கேமரா மட்டும் தனியாகவே இருநூறையும் தின்று தீர்த்திருந்தது. சத்தீஸ்கரில் டேப்லெட்டில் படம் நகரவில்லை. தங்கசாமி ஒரு காலைத் தூக்கியபடி பத்து நிமிடமாக நிற்கிற மாதிரி அங்கே தெரிந்திருக்கிறது. கட்டிலில் கிடந்த போன் அடித்தது. பெரியவர் எடுத்தார், ஆசாரம் வரைக்கும் அவர் குரல் கேட்டது.

"நான் நல்லாத்தான்டா உக்காந்திருக்கறேன். ரெண்டு காலும் கீழதான் இருக்குது. முறுக்குத் திங்கறேன். நீ போயிக் குழியப் போடற வேலையப் பாரு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது. அவர் மறுபடி எடுத்தார், மறுபடி வைதார். மைதிலி எழுந்து போகவில்லை. காதில் மாட்டியதை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு அடுத்த சீட்டைத் திறந்தாள். ஓஹியோவில் யாரோ ஒரு கிழவர் வாசற்படியில் வழுக்கி விழுந்திருந்தார். அதற்கான நம்பரைத் தேட ஆரம்பித்தாள்.